ஹாலிஎல நிலையத்தில் ஒரு மாஜோங் ஆட்டம்

இலங்கையில், பதுளையில் எனக்கு நான்கு பேரைத் தெரியும். நால்வரில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்காகத்தான் திருச்சியிலிருந்து ஒரு கனத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பெட்டிக்குள் மாஜோங் கட்டைகள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒரு கட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் “சோப்பா?” என்று கேட்டார். “விளையாட்டுச் சாமான்” என்றேன். இந்த வயதிலா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

கூரியரில் அனுப்பியிருக்கலாம். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

நான் சப்டைட்டில் எழுதுகிறவள். ஜப்பானிய அனிமே தொடர்களுக்குத் தமிழ் வரிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணி சேர்ந்து போட்டி போடும் கதைகள் எல்லாம் என் தலையில்தான் வந்து விழும். ஒன்றில் பாட்டுச் சீட்டு, ஒன்றில் கைப்பந்து, ஒன்றில் கறுப்பு வெள்ளைக் காய்கள். கடைசியாக வந்தது மாஜோங். ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு அது பாதி தெரிந்த ஆட்டம்தான். சீட்டுக்குப் பதில் கட்டை, மேசைக்கு நாலு பேர், கட்டைகளை மூன்று மூன்றாகச் சேர்க்க வேண்டும். ஆனால் அந்தத் தொடரில் வரும் மாணவிகளுக்கு அது உயிர். ஒரு கட்டையைக் கீழே போடுவதற்கு முன் பாதி எபிசோடு யோசிப்பார்கள். அறைக்குள் புயல் வீசும். தோற்றவள் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் அழுவாள். அடுத்த எபிசோடில் அவளை ஜெயித்தவளே தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

அந்தத் தொடர் முடிந்த கையோடு கம்பெனியில் தமிழ்ப் பிரிவை மூடிவிட்டார்கள். நான் வீட்டுக்குள் அறைக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அப்போது வந்தது கவிதாவின் செய்தி. “அக்கா, நாங்க ஸ்பிரிங்வெளி தோட்டம். உங்க தமிழப் படிச்சுப் படிச்சுத்தான் நாங்க நாலு பேரும் இந்த வெளையாட்டப் பழகுனோம். பண்டாரவளையில ஒரு போட்டி வருது. பேரு குடுத்திருக்கோம். நெசக் கட்டைய இன்னும் கையால தொட்டதே இல்ல. எங்க வாங்கலாம்னு தெரியுமா?”

வாங்கிக்கொண்டு நானே வருகிறேன் என்று எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் பாஸ்போர்ட் எங்கே என்று தேடினேன்.

பதுளை பஸ் நிலையத்தில் கவிதாவும் இரட்டையர்களான யோகாவும் ஜீவாவும் குடையோடு நின்றார்கள். மூவரும் உயர்தரப் பரீட்சை, நம் ஊர் பிளஸ் டூ, எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள். கவிதா ஒல்லி, நின்ற இடத்திலேயே எடையைக் கால் மாற்றிக்கொண்டே இருந்தாள். பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. என் ஜாதி.

“வாங்கக்கா. பயணம் எல்லாம் எப்புடி? குளிருதா?” என்று கேட்டுக்கொண்டே பெட்டியைப் பறித்துக்கொண்டாள்.

“நாலாவது ஆள் எங்கே? ரிஸ்னா?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “மொதல்ல சாப்புடுவோம்க்கா” என்றாள் யோகா.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் கறி பணிஸும் பிளேன் டீயும். பணிஸ் என்பது உள்ளே உருளைக்கிழங்கும் மீனும் வைத்த முக்கோண ரொட்டி. பிளேன் டீ என்பது பால் இல்லாத தேநீர். தேயிலை விளைகிற ஊரில் பாலில்லாமல் குடிக்கிறார்கள், நாம் திருச்சியில் பாலுக்குள் தேயிலையைத் தேடிக்கொண்டு குடிக்கிறோம். முதல் வாயில் கசந்தது. இரண்டாவது டம்ளரை நானே கேட்டு வாங்கினேன்.

ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பயனில்லை, வளைவுக்கு வளைவு உட்கார்ந்திருந்தவர்கள் நின்றவர்கள் மேலும், நின்றவர்கள் உட்கார்ந்தவர்கள் மடியிலும் விழுந்து எழுந்துகொண்டிருந்தோம். ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் பாட்டுச் சத்தத்தையும் கவனித்தார். ஜீவா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் என்றாலே அவளுக்கு வாந்தி. பண்டாரவளைக்கு ரயிலில் போவதாக முடிவு செய்ததே அவளுக்காகத்தான்.

கவிதாவின் வீடு லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின், கடைசி அறை. அவள் அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, நனைந்த கால்களில் உப்புத் தண்ணீர் தேய்த்துக்கொண்டிருந்தார். அட்டைக்கடி. “இந்தியாவுல அட்டை இருக்காம்மா?” என்று கேட்டார். எங்கள் ஊரில் கொசுதான் என்றேன். “அது பறந்து போயிரும். இது எறங்காது” என்று சொல்லிவிட்டுத் தேங்காய் ரொட்டி சுடப் போனார்.

ரொட்டி வருவதற்குள் கவிதா கட்டிலுக்கடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தாள். உள்ளே அவர்கள் இத்தனை நாளும் ஆடிய கட்டைகள். ரப்பர் செருப்பை வெட்டிச் செய்தவை! நீளம், அகலம், கனம் எல்லாம் ஒரே அளவு. முன்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டி, பேனாவால் மூங்கிலும் வட்டமும் சீன எழுத்தும் வரைந்திருந்தார்கள். பின்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்புக் காகிதம்.

“பின்னாடி காகிதம் எதுக்குன்னா, நீலச் செருப்பு, பச்சச் செருப்புன்னு கலர் வித்தியாசம் தெரிஞ்சிருமேக்கா” என்றாள் யோகா.

“இவ்வளவு செருப்பு எப்படிக் கிடைத்தது?”

“அதுதான் பிரச்சனையே” என்றாள் கவிதா.

ரிஸ்னாவின் வாப்பாவுக்குப் பதுளை பஜாரில் செருப்புக் கடை. ஜோடி தொலைந்தவை, வார் அறுந்தவை என்று கடை மூலையில் கிடந்ததை எல்லாம் ரிஸ்னா கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். போன வாரம் அவள் பையில் இரண்டு கட்டைகள் மாட்டிக்கொண்டன. செருப்பு வியாபாரிக்குத் தன் கடை ரப்பர் தெரியாதா? என்ன ஏது என்று கேட்டிருக்கிறார். நாலு பேர் உட்கார்ந்து கட்டை போட்டு ஆடுவது என்று சொன்னதும், சூது என்று முடிவு செய்துவிட்டார். அன்றிலிருந்து ரிஸ்னா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

“வேறு யாராவது?”

“நாலு பேர்தான்க்கா இருக்கோம். அஞ்சாவதா இந்தத் தோட்டத்துல யாருக்கும் இது தெரியாது.” கவிதா எழுந்து வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தாள். “வர்ற மாசம் நான் கொழும்புக்குப் போயிருவேன், தையல் கம்பெனிக்கு. இவங்க ரெண்டு பேரும் கண்டிக்குப் பெரியம்மா வீட்டுக்கு. இனி நாலு பேரும் ஒரே மேசையில உக்கார்றது எப்பன்னு யாருக்குத் தெரியும்? ஜெயிக்கணும்னு கூட இல்லக்கா. மைக்குல எங்க பேரப் படிச்சுக் கூப்புடணும். ஒருக்கா.”

அன்று புதுக் கட்டைகளை மூன்று பேரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றோடு ஒன்று மோதும் சத்தத்தைக் கேட்டு ஜீவா சிரித்தாள். “நம்மளோடது சத்தமே போடாது.” ஆட்டத்தில் ஒரே ஒரு கட்டைக்காகக் காத்திருக்கும் நிலை ஒன்று உண்டு. நான் அதற்குச் சப்டைட்டிலில் ‘இறுதிக் காத்திருப்பு’ என்று எழுதியிருந்தேன். இவர்கள் தங்களுக்குள் ‘நிறுவைக்கு நிக்கிறேன்’ என்கிறார்கள். கூடை நிறைந்து, தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்பது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

மறுநாள் காலையிலிருந்தே மழை. கவிதாவும் நானும் பதுளைக்கு இறங்கினோம். கடை வாசலில் நூல் கட்டித் தொங்கவிட்ட செருப்புகள் காற்றில் ஒன்றையொன்று அறைந்துகொண்டிருந்தன. ரிஸ்னாவின் வாப்பா கல்லாவில் இருந்தார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி.

“வணக்கம் பாய்” என்றேன்.

கவிதா என் காதுக்குள், “இங்க ‘நானா’ன்னுதான் சொல்லணும்க்கா” என்றாள்.

“வணக்கம் நானா.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் முக்காலியைக் காட்டினார், பிளேன் டீக்கு ஆள் அனுப்பினார். நான் முக்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். கடைக்குப் பின்னால் திரைச்சீலை அசைந்தது. ரிஸ்னாவாக இருக்க வேண்டும்.

“நீங்க இந்தியாவுல இருந்து வந்த ஆள். உங்களுக்கு மரியாதை ஈக்கி” என்று ஆரம்பித்தார். “ஆனா செல்லுங்க மகள், நாலு பேர் சுத்தி இருந்து கட்டை போடுறது சூதுதானே? எங்கட மார்க்கத்துல அது கூடாது. எனக்கும் பிடிக்காது. இந்தப் பஜார்ல கடையச் சூதுல விட்டவன் எத்தின பேர் எண்டு நான் காட்டவா?”

“இதில் பணமே கிடையாது நானா. பிள்ளைகள் ஆடுகிற போட்டி. செஸ் மாதிரி.”

“செஸ்ல கட்டைய மூடி வைக்கிறல்லயே.”

போனை எடுத்துத் தொடரில் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். திரையில் ஒரு மாணவி கடைசிக் கட்டையைத் தவறாகப் போட்டுவிட்டு அழுகிறாள். நான் எழுதிய வரிகளை அவர் உதடசைத்து வாசித்தார்.

“இந்தப் புள்ள ஏன் அழுகுது?”

“தோற்றுவிட்டாள்.”

“சல்லி போச்சா?”

“இல்லை.”

“அப்ப என்னத்துக்கு அழுகுது?”

கவிதா சட்டென்று சொன்னாள்: “கூட வந்த மூணு பேரும் இவள நம்பித்தான் உக்காந்திருந்தாங்க நானா. அதுக்கு.”

அவர் போனை என்னிடம் திருப்பித் தந்தார். ஒரு வாடிக்கையாளர் வந்தார். அவர் காலுக்கு அளவு பார்த்து, பேரம் பேசி, பை போட்டுக் கொடுத்து அனுப்பும்வரை நான் கடை வாசலுக்கும் முக்காலிக்குமாக எத்தனை தடவை போய்வந்தேன் என்று தெரியாது. திரும்பி வந்து உட்கார்ந்தவர் திரைச்சீலையைப் பார்த்துத்தான் பேசினார்.

“நான் வாறேன். கூடவே இருப்பேன். மேசையில ஒரு சதம் கண்டாலும் மகளக் கூட்டிட்டு வந்திடுவேன். செல்லிட்டேன்.”

திரைக்குப் பின்னால் ஏதோ தட்டு கீழே விழுந்தது.

மூன்றாம் நாள் பதுளை நிலையத்தில் ரயில் புறப்படும்போது எங்கள் ஆறு பேரோடு மழையும் ஏறிக்கொண்டது. ஜன்னல் சரியாக மூடவில்லை. ரிஸ்னாவை அப்போதுதான் பார்க்கிறேன். சிறிய உருவம், கறுப்பு முக்காடு, பேசும்போது தரையைப் பார்க்கிறாள். வாப்பா அவளுக்குப் பக்கத்தில் குடையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, கைதியைக் கூட்டிப்போகும் காவலர்போல் உட்கார்ந்திருந்தார். அதே பெட்டியில் ஆரஞ்சு நிற பனியன் போட்ட நாலு பையன்கள் இருந்தார்கள். பதுளையில் படிக்கிற சிங்களப் பிள்ளைகள். என் தோளில் இருந்த கட்டைப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒருவன் “மாஜோங்?” என்றான். அவர்களும் அதே போட்டிக்குத்தான். அதே தொடரைச் சிங்கள எழுத்தோடு பார்த்துப் பழகியவர்கள். முதல் ஆட்டமே எங்களோடுதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு அணிகளும் உடனே பேச்சை நிறுத்திக்கொண்டு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தன.

ஹாலிஎலயில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான்.

மேலே எங்கோ தண்டவாளத்தில் மண் சரிந்திருக்கிறது என்றார்கள். ரோட்டிலும் மரம் விழுந்து பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன என்றார்கள். நம் ஊர் என்றால் இந்நேரம் நாலு பேர் நிலைய அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டிருப்பார்கள். இங்கே ஜனங்கள் இறங்கி, கொட்டகைக்கடியில் நின்று, சோற்றுப் பார்சலைப் பிரித்துவிட்டார்கள். வடைக்காரர் வாளியோடு ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போனார். அவருக்கு நல்ல நாள். எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். எதிரே கவிதா வந்துகொண்டிருந்தாள். நடுவில் சந்தித்து, அவரவர் வழியில் தொடர்ந்தோம்.

பண்டாரவளைக்குப் போன் போட்டதும் அவள்தான். மழையால் பாதி அணிகள் வரவில்லையாம். போட்டி நடத்தும் இளைஞர் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். “நீங்க ரெண்டு அணியும் அங்கேயே ஆடுங்க. போனை நிறுத்தி வச்சு வீடியோவுல காட்டுங்க, நான் பாக்குறேன். ஜெயிக்கிறவங்க இங்க வந்து இறுதி ஆட்டம் ஆடலாம். ரயில் கெளம்புற நேரத்துல ஆட்டம் முடியலன்னா, அப்ப யாரு முன்னுக்கு இருக்காங்களோ அவங்கதான் ஜெயிச்சவங்க. சம்மதமா?”

பையன்களின் தலைவன் பெயர் தினுக. கண்ணாடி போட்ட, நெற்றியில் முடி விழுந்த பையன். அவன் தன் ஆட்களிடம் பேசிவிட்டுத் தலையை ஆட்டினான்.

காத்திருப்போர் அறையில் ஒரு மேசை இருந்தது. இரண்டு வாங்குகளை, நம் ஊர் பெஞ்சுகளை, சேர்த்துப் போட்டு இன்னொரு மேசை செய்தோம். ஒவ்வொரு மேசையிலும் இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். இரண்டு மேசைப் புள்ளிகளையும் கூட்டிக்கொள்வது. நிஜ மேசையில் கவிதாவும் ரிஸ்னாவும், எதிரே தினுகவும் அவன் கூட்டாளியும், நான் கொண்டுபோன கட்டைகளோடு. வாங்கு மேசையில் இரட்டையர்கள், செருப்புக் கட்டைகளோடு. அங்கே உட்கார்ந்த பையன் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் என்னவோ சொன்னான். ரிஸ்னாவின் வாப்பா அதே மொழியில் பதில் சொன்னார். அறையே சிரித்தது. எனக்கு யோகா மொழிபெயர்த்தாள்: “‘இது குளியலறைச் செருப்பில்ல?’ன்னு கேட்டான். நானா ‘நல்ல சாமான், என் கடையோடது’ன்னாரு.”

ஆட்டம் தொடங்கியதும் மொழிபெயர்ப்புக்கு வேலையில்லாமல் போனது. ஒரு கட்டைக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று அறிவிக்க ‘ரீச்சி’. எதிராளி போட்ட கட்டையில் ஜெயித்தால் ‘ரோன்’. இரண்டும் தொடரிலிருந்து எடுத்த ஜப்பானியச் சொற்கள். அதுவே இரண்டு தரப்புக்கும் போதும். கவிதா வேகமாக ஆடினாள். கட்டையைத் தொடுவதும் போடுவதும் ஒரே அசைவு. இரண்டு கை ஜெயித்தாள், மூன்றாவதில் பெரிதாக மாட்டினாள். ரிஸ்னா நேர்மாறு. அவள் ஒரு கட்டையைத் தொட்டு எடுப்பதற்குள் நான் வாசல்வரை போய் மழையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

வாப்பாவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் பணம் இல்லை என்று பார்த்தார். மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். பிறகு சுற்றிவர நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று, அவர்கள் கையிலிருந்த கட்டைகளைக் கண்ணாடி வழியாக ஆராய்ந்தார். தினுகவுக்குப் பின்னால் நின்றபோது என்ன பார்த்தாரோ, “ச்சா!” என்று ஒரு சத்தம் கொடுத்தார்.

தினுகவின் கூட்டாளி கையிலிருந்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஏதோ சொன்னான். யாரும் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. வாப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

“நான் சாடை காட்டுறேனாம். நான் கள்ளனாம்!” குடையை எடுத்துக்கொண்டார். “எழும்புங்க மகள். போவம்.”

கவிதா என்னைப் பார்த்தாள். நான் ரிஸ்னாவைப் பார்த்தேன்.

ரிஸ்னா எழும்பவில்லை. தரையைப் பார்க்கவும் இல்லை. தன் கட்டைகளைப் பார்த்தபடி, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “வாப்பா, அவர் செல்றது சரி. நீங்க பின்னால நிக்கக் கூடாது. நீங்க வெளிய நில்லுங்க. நான் வெளையாடி முடிச்சிட்டு வாறேன்.”

வீட்டில் அவள் அப்படிப் பேசியிருக்கமாட்டாள் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அறைக்குள்ளேயே குடையை விரித்தார். விரித்தது தெரிந்து மடக்கினார். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே போனார். ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. கொட்டகை முடிகிற இடத்தில், பாதி நனைந்தபடி நின்றார். ரிஸ்னா ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை.

வாங்கு மேசை முதலில் முடிந்தது. இரட்டையர்கள் தோற்றிருந்தார்கள், பெரிய தோல்வியில்லை, ஆனால் தோல்வி. நிஜ மேசையில் கடைசிக் கை. கணக்குப் பார்த்தால், அந்தக் கையை ரிஸ்னாவோ கவிதாவோ ஜெயித்தே ஆகவேண்டும். கவிதாவின் கட்டைகள் எதுவும் ஒட்டவில்லை. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ரிஸ்னா ஒரு கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, “ரீச்சி” என்றாள்.

அப்போது ரயில் கூவியது.

மேடையில் இருந்த சனம் ஒரே மூச்சில் எழுந்து ஓடியது. சோற்றுப் பார்சல்கள், பைகள், பிள்ளைகள். பாதை சரியாகிவிட்டது. பையன்கள்தான் முன்னால் இருந்தார்கள். எழுந்து நடந்தால் ஜெயித்தவர்கள் அவர்கள்தான். கூட்டாளி ஏற்கெனவே பையைத் தோளில் போட்டுவிட்டு தினுகவின் கையைப் பிடித்து இழுத்தான். “‘வா, வா’ன்னு அவன் கூப்புடுறான்” என்று ஜீவா முணுமுணுத்தாள். “போனா முடிஞ்சிச்சு.”

தினுக கையை உதறிக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். அதை ரிஸ்னா பிறகு ரயிலில் எனக்குச் சொன்னாள்: “இத முடிக்காம எழும்பினா ராவெல்லாம் இதுதான் கண்ணுக்குள்ள நிக்கும்.”

அவன் முறைதான். ஒரு கட்டையை எடுத்தான். பார்த்தான். இடது பக்கம் வைத்தான், வலது பக்கம் வைத்தான். நான் வாசலில் நின்று ரயிலைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன், ரயிலைப் பார்த்தேன். கார்டு பச்சைக் கொடியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். விரிக்கவில்லை. அவர் எதிரே, பெட்டியின் படியில் ஒரு காலை வைத்தபடி, ரிஸ்னாவின் வாப்பா பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டி, பஜார் முழுவதையும் விற்பதுபோல் பேசினார். கார்டு கடிகாரத்தைக் காட்டினார். இவர் வானத்தைக் காட்டினார். கார்டு கொடியை உயர்த்தப் போனார். இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

உள்ளே தினுக ஒரு மூங்கில் கட்டையை மேசையில் வைத்தான்.

“ரோன்” என்றாள் ரிஸ்னா. சத்தமே வரவில்லை. அதனால் இன்னொரு முறை சொன்னாள்.

கவிதா கத்திய கத்தலில் போனில் இருந்த ஏற்பாட்டாளர் பயந்துபோனார். தினுக ரிஸ்னாவின் கட்டைகளைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு அவனே இரண்டு கைகளாலும் கட்டைகளை வாரிப் பெட்டியில் போட்டான். யார் கட்டை, எந்தக் கட்டை என்று பார்க்க நேரமில்லை. செருப்பும் நிஜமும் கலந்து உள்ளே போயின. எட்டுப் பிள்ளைகளும் நானும் மேடையில் ஓடினோம். கடைசிப் பெட்டியில் ஏறி விழுந்தபோது கொடி அசைந்தது.

வாப்பா மூச்சு வாங்க எங்களிடம் வந்தார். ரிஸ்னா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“கார்டுக்கிட்ட என்ன செல்லிட்டு நின்டீங்க வாப்பா?”

“ஒரு பார்சல் வருது, கொஞ்சம் நில்லுங்க எண்டேன்.”

“பொய்யா?”

அவர் என் தோளில் தொங்கிய பெட்டியைக் காட்டினார். “வந்திச்சுத்தானே.”

பாதை தன் மேலேயே ஏறிச் சுற்றும் தெமோதர வளைவில் ரயில் சுற்றியபோது எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் ஓடவில்லை. என் கால்கள் அன்றைக்குப் போதும் என்றன.

பண்டாரவளை மண்டபத்தில் மைக்கில் பெயர் படித்தார்கள். “நமுனுகுல அணி. கவிதா, ரிஸ்னா, யோகா, ஜீவா.” தங்கள் தோட்டத்துக்கு மேலே நிற்கும் மலையின் பெயரைத்தான் அணிக்கு வைத்திருந்தார்கள். கவிதா கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். பையன்கள் பின்வரிசையில் நின்று விசில் அடித்தார்கள். அதன் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல விருப்பமில்லை. எதிரே கொழும்பிலிருந்து வந்த நாலு பெண்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, நன்றாகச் சாப்பிட்டு, நகத்தில் சாயம் பூசிய நிதானமான பெண்கள். எங்கள் பிள்ளைகளைத் துடைத்து வைத்துவிட்டார்கள். கடைசியாக மாட்டியது ரிஸ்னா. அவள் போட்ட கட்டையில் அந்தப் பக்கம் ‘ரோன்’ என்று கேட்டபோது வாப்பா மண்டபத்தின் மறுகோடியில், யார் முதுகுக்கும் பின்னால் இல்லாமல், சுவரில் சாய்ந்து நின்றார்.

வெளியே வந்ததும் ரிஸ்னா அழுதாள். தேம்பித் தேம்பி, முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டு. மற்ற மூவரும் அவளைச் சுற்றி நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் தோளைத் தட்டினார்கள். வாப்பா பக்கத்திலிருந்த கடைக்குள் எல்லோரையும் கூட்டிப்போய் உட்கார வைத்து, கொத்து ரொட்டி சொன்னார். தட்டுகள் வரும்வரை பொறுத்திருந்தார்.

“தோத்ததுக்கு அழுறதா மகள்? கடையில நட்டம் வந்தா நான் அழுறேனா?”

ரிஸ்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அழுவீங்க. உம்மா செல்லியிருக்கா.”

ஜீவாவுக்குப் பிளேன் டீ மூக்கில் ஏறிவிட்டது. கவிதா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். வாப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கோபப்படலாமா என்று யோசித்துவிட்டுத் தன் தட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்தபின் யோகா செருப்புக் கட்டைகளைத் தனியாகப் பிரிப்பதற்காகப் பெட்டியைத் திறந்தாள். அவர் கையை நீட்டி நிஜக் கட்டைகளில் ஒன்றை எடுத்தார். அது எழுத்தோ கோடோ எதுவுமில்லாத வெள்ளைக் கட்டை. முன்னும் பின்னும் திருப்பினார். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“இதுல ஒண்டும் எழுதல்லயே. பழுதா?”

“இல்ல வாப்பா, அது அப்பிடித்தான். வெள்ளை. அதுல மூணு சேந்தா நல்ல கை.”

“ஆ” என்றார். கட்டையைக் கீழே வைக்கவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தட்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். வெள்ளைக் கட்டையைத் தன் முன்னால், தினுக நிறுத்தி வைத்ததுபோலவே, நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்தார்.

“அப்ப மத்த ரெண்டையும் எடுங்க” என்றார்.